கோவிஷீல்டு போட்டவருக்கு இப்போது ரத்தம் உறையுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு. 2021-ல் கோவிஷீல்டு இரண்டு தவணை போட்டுக்கொண்டார். ‘அதைப் போட்டவர்களுக்கு ரத்தம் உறைந்து மாரடைப்பு வரும், கம்பெனியே கோர்ட்டில் ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து, தினமும் ஆஸ்பிரின் வாங்கிப் போடுகிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: முதலில் மாத்திரையைப் பார்ப்போம். இதயநோய்க்காகவோ ஸ்டென்ட் வைத்ததாலோ டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரின் என்றால் நிறுத்தக் கூடாது. தானாக ஆரம்பித்தது என்றால் தொடர வேண்டாம். இந்த வயதில் வயிற்றில் ரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய மருந்து அது.

அந்தச் செய்தி முழுப்பொய் இல்லை. அதனால்தான் அப்பா பயப்படுகிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மிக அரிதாக ரத்த உறைவும் தட்டணு (பிளேட்லெட்) குறைவும் சேர்ந்து வரலாம் என்று, 2024 பிப்ரவரியில் பிரிட்டன் நீதிமன்றத்தில் கொடுத்த ஆவணத்தில், கோவிஷீல்டை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஆஸ்ட்ராஜெனெகா நிறுவனம் சொன்னது உண்மை. ஆனால் ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே இதை அறிவித்துவிட்டது. அதே ஆண்டு மே மாதம் நம் மத்திய அரசும் கணக்கு வெளியிட்டது: கோவிஷீல்டு 10 லட்சம் டோஸுக்கு 0.61 பேர்.

அந்தச் செய்தியில் விட்டுப்போனது காலம். இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஊசி போட்ட முதல் சில வாரங்களுக்குள் வருவது. வருஷக்கணக்கில் உடம்புக்குள் பதுங்கியிருந்து திடீரென்று கிளம்பாது. இதற்காக டி-டைமர் என்னும், ரத்த உறைவுக்கான ரத்தப் பரிசோதனைக்கும் ஓட வேண்டாம். வயதாலும் சாதாரணத் தொற்றாலும்கூட அந்த அளவு கூடும், பயம்தான் மிச்சம்.

நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல் தடுப்பூசி போட்டு, 17-ல் மறைந்தபோதும் இப்படித்தான் பயம் பரவியது. அவர் போட்டது கோவாக்சின். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்ததை மருத்துவமனை சொன்னது. குழாயில் கொழுப்பு படிவது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை, இரண்டு நாளில் ஆகாது. அக்டோபரில், தடுப்பூசிப் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் ஊசிக்குத் தொடர்பில்லை என்றது. ஆனால் அதற்குள் எத்தனையோ பெரியவர்கள் ஊசி வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அடுத்த மாதமே இரண்டாம் அலை உச்சத்துக்குப் போனது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, இளவயதினரின் திடீர் மரணங்களுக்கு ஊசி காரணமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 47 மருத்துவமனைகளில், 18 முதல் 45 வயதில் திடீரென இறந்த 729 பேரின் விவரங்களைத் திரட்டி, மற்றவர்களோடு ஒப்பிட்டு 2023-ல் வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கோவிட்டுக்காக மருத்துவமனையில் இருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவுமீறிய குடி, இறப்பதற்குச் சற்றுமுன் கடும் உடலுழைப்பு ஆகியவை கூட்டின.

அப்பாவிடம் ‘அது பொய்’ என்று தொடங்காதீர்கள். ‘எப்போது வரும் என்று அதில் போட்டிருக்கிறதா அப்பா?’ என்று கேளுங்கள், அவரே தேடிப் பார்க்கட்டும். அப்புறம் டாக்டரிடம் அழைத்துப்போய் மூன்று மாதச் சராசரி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். அவருடைய இதயத்துக்கு நிஜமான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பிரின் போட்ட நாட்களில் மலம் தார் போலக் கறுப்பாகப் போனதா என்றும் கேளுங்கள். போயிருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.