வந்தியத்தேவன் மாதிரி மாப்பிள்ளை

கேள்வி: என் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் பச்சைத் தேயிலை ஏஜென்ட், தோட்டக்காரர்களிடம் பறித்த இலையை எடை போட்டு வாங்குகிறவன். வந்த அரை மணியில் என் மாமியார் உட்பட எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டான். ‘பொன்னியின் செல்வன்’ படித்த நாளிலிருந்து அதன் நாயகன் வந்தியத்தேவன் மேல் எனக்கு ஒரு பிரியம். இவனும் அப்படியே இருக்கிறான். நம்பிப் பெண் கொடுக்கலாமா?
– வாசகி, அரவேணு

பதில்: அம்மா, அந்த வந்தியத்தேவன் முதல் பாகம் நெடுக வாய்கூசாமல் புளுகுகிறவன். தன் குதிரையைப் பல்லக்கில் முட்டவிட்டு, பல்லக்குதான் வந்து இடித்தது என்று சண்டைக்குப் போகிறவன். அந்தச் சாமர்த்தியத்தில்தான் பல்லக்கில் இருந்த நந்தினியின், அதாவது பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவியின், முத்திரை மோதிரமே கைக்கு வருகிறது. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர்கதை. படிக்கிறவர்கள் அடுத்த வாரமும் தேடி வர வேண்டுமே, நாயகன் மயக்கியே ஆக வேண்டும். அந்தப் பேச்சை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது.

நான் பார்ப்பது வேறு இடம். தஞ்சையில் சேந்தன் அமுதன் என்கிற பூமாலை கட்டும் இளைஞன் வீட்டில் சாப்பிட உட்காருகிறான். பரிமாறும் தாயாருக்குப் பேச்சும் வராது, காதும் கேட்காது. இவனுடைய வாய்ச்சாலம் அங்கே செல்லாது. இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வர வர, தோரணை எதுவும் இல்லாமல் ஒரு பிடி பிடிக்கிறான். அப்புறம் நண்பன் கந்தமாறன் முதுகில் குத்துப்பட்டு விழுந்ததும், அவனைத் தோளில் சுமந்துகொண்டு அதே வீட்டுக்குத்தான் வருகிறான். நினைவில்லாமல் கிடப்பவனிடம் என்ன வசீகரம் காட்ட முடியும்? பின்னால் அந்த நண்பனே இவன்தான் குத்தினான் என்கிறான், அது தனிக் கூத்து.

ஆனால் கந்தமாறனின் தங்கை மணிமேகலை விஷயத்தில் வந்தியத்தேவனை நான் மன்னிக்கவில்லை. தன் சிரிப்பு தன்னைக் காதலிக்கும் அந்தப் பெண்ணை எங்கே கொண்டுபோகிறது என்று அவன் நின்று யோசிக்கவே இல்லை. கடைசியில் சித்தம் கலங்கி அவன் மடியிலேயே உயிர் விடுகிறாள். கோத்தகிரியில் என் வாடகை நூலகத்துக்கு வரும் பெண்கள் ஐந்தாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவனை நாலு திட்டுத் திட்டாமல் போவதில்லை.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். பெண் பார்க்கிற வீட்டில் யார்தான் இனிக்க இனிக்கப் பேச மாட்டார்கள்? அதுவும் ஏஜென்ட், வாய்தானே முதல்! மழை நாளில் அவன் இலை எடை போடும் இடத்துக்கு யாரையாவது அனுப்புங்கள். ஈர இலைக்குத் தண்ணீர் எடைக்கென்று கழிவு பிடிப்பது நம் பக்கத்து வழக்கம். ஒற்றை மூட்டையோடு நிற்கும் கிழவிக்கு எவ்வளவு கழிக்கிறான், பெரிய தோட்டக்காரருக்கு எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். தராசு முள் கிழவியின் கண்ணில் படும்படி நிற்கிறானா, மறைத்துக்கொண்டு நிற்கிறானா என்பதையும்.

கேள்வி: நந்தினியின் அழகும் பேச்சும் முழுக்க வேஷம்தானே?
– வாசகர், குன்னூர்

பதில்: பெரிய பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், கந்தமாறன் என்று காரியம் ஆக வேண்டிய ஆட்களிடம் அவள் காட்டுவது வேஷம்தான். கடம்பூரில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனை, தன் பழைய காதலனை, நேருக்கு நேர் பார்க்கும்போது அது கலைந்துவிடுகிறது. நான்காம் பாகத்தின் பிற்பகுதியை மறுபடி படியுங்கள். புத்தகம் இப்போது வெளியே போயிருக்கிறது, திங்கள்கிழமை வந்தால் எடுத்து வைக்கிறேன்.