ரிசர்வ் விழுந்த வண்டி எவ்வளவு தூரம் ஓடும்? – கேள்வி பதில்

பெட்ரோல் குறைந்த வண்டியைப் பற்றி குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் நாகர்கோவிலில் டூவீலர் வேலை பார்க்கும் மெக்கானிக்.

தக்கலை: அண்ணாச்சி, என்கிட்ட இருக்கது 2014 ஸ்ப்ளெண்டர். ரிசர்வ்ல போட்டா 60 கிலோமீட்டர் ஓடும்னு ஒருத்தர் சொல்லுதாரு, 30 தான்னு இன்னொருத்தர். எது சரி?

ரெண்டு பேரும் அவரவர் வண்டிக்குச் சரியாகச் சொல்லியிருப்பார்கள் தம்பி. ரிசர்வ் என்பது ஒரு தூரம் இல்லை, ஒரு அளவு. உங்கள் டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக் இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் டேங்குக்குள்ளே நிமிர்ந்து நிற்கும். காக் 'ஆன்'-ல் இருக்கும்போது அந்தக் குழாயின் வாய் வழியாக மட்டும்தான் பெட்ரோல் இறங்கும். மட்டம் அந்த வாய்க்குக் கீழே போனதும் வண்டி திக்கும். 'ரிசர்வ்'-க்குத் திருப்பினால் அடியில் இருக்கும் துளை திறக்கும். அந்தக் குழாயின் உயரத்துக்குள் நிற்கும் பெட்ரோல்தான் ரிசர்வ். 100 சிசி வண்டிகளில் அது பொதுவாக ஒரு லிட்டரும் கொஞ்சமும் இருக்கும்.

கணக்குக்கு ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டி லிட்டருக்கு 55 தருகிறது என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு 44 கிலோமீட்டர் என்று நம்பலாம். பின்னால் ஆள், தக்கலை சந்திப்பு நெரிசல், காற்றுக் குறைந்த டயர், இதற்கெல்லாம்தான் அந்தக் கழிவு. நாகர்கோவிலில் ரிசர்வ் விழுந்தால் மார்த்தாண்டம் வரை சுமார் 30 கிலோமீட்டர் போய்விடலாம். பெட்ரோல் போடாமல் திரும்பி வர நினைக்க வேண்டாம்.

தக்கலை (அதே நண்பர்): அந்த ஒரு லிட்டரை என் வண்டியிலயே அளந்து பார்க்க வழி உண்டா?

உண்டு, எல்லோரும் ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை. 'ஆன்'-ல் ஓடும் வண்டி திக்கி நின்றதும் ரிசர்வுக்குத் திருப்பி வீடு வந்து சேருங்கள், எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும். வெட்டவெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காக்கை 'ஆஃப்' செய்து, கார்பரேட்டருக்கு (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, அளவுக் கோடு உள்ள ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் விட்டு, 'ரிசர்வ்' திறந்து சொட்டு நிற்கும் வரை பிடியுங்கள். வந்தது 700 மில்லி, வீடு வர ஓடியது 11 கிலோமீட்டர், மைலேஜ் 55 என்றால் 200 மில்லி ஓட்டத்தில் போயிருக்கிறது. ஆக ரிசர்வ் 900 மில்லி. குழாயைத் திரும்ப மாட்டும்போது கிளிப்பை மறக்காதீர்கள்.

மைலேஜையும் காதில் கேட்டதை வைத்துப் போடாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே மாதிரி மறுபடியும் நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மைலேஜ்.

இன்னொன்று, இது மிகவும் முக்கியம்: பெட்ரோல் போட்ட கையோடு காக்கை 'ஆன்'-க்குத் திருப்புங்கள். ரிசர்விலேயே விட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நடுரோட்டில் நிற்கும். ரிசர்வில் வண்டி நின்றுவிட்டது என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு நடந்தது இதுதான்.

மார்த்தாண்டம்: அண்ணா, நான் ஆக்டிவா ஓட்டுறேன். இதுல காக் எதுவும் இல்லையே. முள் சிவப்புக்கு வந்தா எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?

முள் சிவப்பின் மேல் விளிம்பைத் தொடும் அன்றைக்கே பங்குக்குப் போய் நிரப்புங்கள் தங்கச்சி. டேங்க் 5.3 லிட்டர். 3.9 லிட்டர் பிடித்தால், தொட்ட நேரத்தில் உள்ளே இருந்தது 1.4. அதில் கடைசிச் சில நூறு மில்லியை ஓட்டத்துக்கு எண்ணக் கூடாது, குலுங்கினால் அது குழாய்க்கு ஏறாது. ஒரு லிட்டர் என்று எடுத்து, லிட்டருக்கு 45 என்றால் கழிவு போக 36 கிலோமீட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். முள் பள்ளத்தில் ஒரு மாதிரியும் ஏற்றத்தில் ஒரு மாதிரியும் காட்டும். சமதரையில், வண்டி நேராக நிற்கும்போது காட்டுவதை மட்டும் நம்புங்கள்.

தோவாளை: அண்ணாச்சி, பூக்கூடை கட்டிட்டு ஆரல்வாய்மொழி தாண்டி வள்ளியூர் போவேன். போகும்போது முள் அசையவே அசையாது, திரும்பி வரும்போது மளமளன்னு இறங்குது. வண்டியில கோளாறா?

கோளாறு வண்டியில் இல்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டிருக்கிறார்களோ, அதே காற்றுதான் காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கிப் புகுந்து கிழக்கே பாயும். வள்ளியூர் போகும்போது அது உங்களைப் பின்னால் இருந்து தள்ளுகிறது, திரும்பும்போது நெஞ்சில் அடிக்கிறது.

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 50-ல் போகிறீர்கள், எதிரே காற்று 30-ல் வருகிறது என்றால் வண்டிக்கு அது 80-ல் போகும் தடை. காற்றில்லாத நாளில் 50-ல் போகும்போது இருப்பதைப் போல் இரண்டரை மடங்கு. இதற்கு மேல் அகலமான பூக்கூடை வேறு பாய் மாதிரி காற்றைப் பிடிக்கிறது.

வேகத்தை 35-க்குக் குறைத்தால் காற்றோடு சேர்த்து 65. தடை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். கூடைகளை உயரமாக அடுக்காமல் உங்கள் முதுகு மறைவுக்குள் வருகிற மாதிரி தாழக் கட்டுங்கள். டாப் கியரில் எஞ்சின் முக்கினால் ஒரு கியர் குறையுங்கள். முக்க விட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் பெட்ரோல்தான் வீணாகும். ஆடி மாசத்தில் மேற்கே திரும்பும் பயணத்துக்கு ரிசர்வ் தூரத்தைப் பாதியாக எடுத்துக்கொள்வதே பத்திரம். பக்கக் காற்று வண்டியைத் தள்ளும் இடத்தில் மிச்சம் பிடிக்கவும் நினைக்காதீர்கள், இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும்.

குலசேகரம்: எக்ஸ்எல் 100ல ரப்பர் ஷீட் ஏத்திட்டு பேச்சிப்பாறை பக்கம் போய் வருவேன். 4 லிட்டர் டேங்க்ல எப்ப பெட்ரோல் போட்டா நிம்மதி?

ரோட்டில் தனியாக ஓட்டும்போது வரும் மைலேஜை இதற்கு எடுக்காதீர்கள். சுமையோடு ஒரு தடவை முழு டேங்க் கணக்குப் பாருங்கள், வழக்கமான மைலேஜை விட கால் பங்கு வரை குறைவாக வரலாம். பாதி டேங்குக்குக் கீழே இருந்தால் குலசேகரத்திலேயே நிரப்பிவிட்டு ஏறுங்கள். மேலே போகப் போக பங்கை எதிர்பார்க்கக் கூடாது. பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வைத்திருப்பவர்கள், அவசரத்துக்கு வாங்கி ஊற்றும் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில் கலந்தே ஊற்றுங்கள். 'கொஞ்சம்தானே' என்று வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும்.

குளச்சல்: அண்ணே, 'ஆன்'ல நல்லா ஓடுது. ரிசர்வுக்கு மாத்தினா அரை கிலோமீட்டர்ல நிக்குது. டேங்கைக் குலுக்கினா பெட்ரோல் சத்தம் கேக்குது. என்ன செய்ய?

டேங்கின் அடியில் தண்ணீர் கிடக்கிறது. தண்ணீர் பெட்ரோலை விட கனம், அடியில் போய்ப் படுக்கும். 'ஆன்' குழாய் உயரத்தில் இருப்பதால் அதைத் தொடுவதே இல்லை. ரிசர்வ் துளை அடியில் இருப்பதால் முதலில் இழுப்பதே அதைத்தான். மாற்றிய பிறகும் கார்பரேட்டர் பவுலில் (அதன் அடியில் உள்ள சின்னக் கிண்ணம்) மிச்சம் இருக்கும் நல்ல பெட்ரோலில் கொஞ்ச தூரம் வரும், பிறகு தண்ணீர் வந்து நிற்கும்.

குழாயைக் கழற்றி ரிசர்வில் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் முத்து முத்தாக உருண்டால் தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் கரைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் கலங்கலாகத் தனியே பிரியும். சுத்தமான பெட்ரோல் மட்டும் வரும் வரை வடித்துவிடுங்கள். பிறகு காக்கை 'ஆஃப்' செய்து, பவுலின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடியுங்கள். பாட்டிலில் பழுப்பு நிறத் தூள் இறங்கினால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது. காக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழையில் திரும்ப வரும். டேங்க் மூடியைச் சுற்றி உள்ள பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சின்னத் துளை உண்டு. அதில் மண் அடைத்தால் பள்ளத்தில் தேங்கி, மூடியைத் திறந்ததும் உள்ளே விழும். மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி விடுங்கள், மழை நாளில் பங்கில் திறக்கும் முன் துணியால் துடையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அங்கே வண்டியை ரிசர்விலேயே வைத்து ஓட்டுவது டேங்கை நாமே அரிக்க விடுவதுதான். காலி இடம் கூடக் கூட உள்ளே ஈரம் படியும்.

கருங்கல்: பெட்ரோல் இருக்கு, தண்ணீரும் இல்லை, ஆனாலும் 10 கிலோமீட்டருக்கு ஒருக்கா நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் ஆகுது.

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்தால் போதும். இறுக்கமான டேங்க் கவர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

நாகர்கோவில்: என் புது பைக் மீட்டர்ல இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது. 0 வந்த பிறகும் ஓடுதே, அதை ரிசர்வ்னு எடுத்துக்கலாமா?

எடுக்காதீர்கள். அந்த எண் நீங்கள் கடைசியாக ஓட்டின விதத்தை வைத்துப் போடும் மதிப்பீடு. நெடுஞ்சாலையில் 60 காட்டும், வடசேரி நெரிசலுக்குள் வந்தால் 40 ஆகும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகள் கார்பரேட்டரை விட்டு, பம்ப் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டன, அதில் தனி ரிசர்வ் குழாயே கிடையாது. பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியபடி ஓடுகிறது. அதைக் குளிர்விப்பதும் வழவழப்பாக வைத்திருப்பதும் அந்தப் பெட்ரோல்தான். மட்டம் குறைந்து வளைவிலும் பிரேக்கிலும் காற்றை இழுக்க ஆரம்பித்தால் பம்ப் சூடாகித் தேயும். ஒரு தடவை நின்றதால் கெட்டுவிடாது, மாதம் இரண்டு தடவை என்றால் நிச்சயம் ஆயுள் குறையும். பழைய கார்பரேட்டர் வண்டிக்காரரின் பழக்கம் இந்த வண்டிக்கு ஒத்துவராது.

பூதப்பாண்டி: கீரிப்பாறையில இருந்து இறங்கும்போது எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விட்டா ரிசர்வ் நீளுமே?

நீளும் பெட்ரோல் கையளவுகூட இராது, அதற்காக இழக்கும் பாதுகாப்பு பெரியது. எஞ்சின் பிடிமானம் இல்லாமல் மொத்த எடையும் பிரேக்கில் விழும். டிரம் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். சாவியைத் தவறித் திருப்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரோடு ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் பெட்ரோல் தெளிப்பதை அதுவே பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கத் தெளித்துக்கொண்டே இருக்கும். கியரிலேயே இறங்குங்கள்.

களியக்காவிளை: தினமும் திருவனந்தபுரம் போறேன். பெட்ரோல் எங்க போட?

எல்லை தாண்டும் முன் இந்தப் பக்கமே போடுங்கள், கேரளத்தை விட சில ரூபாய் குறைவு. அதற்காக ரிசர்வில் உருட்டிக்கொண்டு திரும்பி வராதீர்கள். நடுவில் நின்றால் மிச்சம் பிடித்தது ஆட்டோவுக்குப் போய்விடும்.

கொட்டாரம்: எத்தனால் 20 சதவீதம் ஆனதால ரிசர்வ் தூரம் குறையுமா?

குறையும், கொஞ்சம்தான். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6, 7 சதவீதம் குறைவு. எத்தனாலே கலக்காத பெட்ரோலில் 45 கிலோமீட்டர் வந்த இடத்தில் 42 என்று வையுங்கள்.

சுசீந்திரம்: ரிசர்வும் தீர்ந்து நின்னாச்சு. வண்டியைச் சாய்ச்சா ஓடும்னு சொல்றாங்களே?

பைக்கில் உண்மை. டேங்க் நடுச் சட்டத்தின் மேல் கால் விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் தொங்கும். காக் இடது பக்கம் என்றால் வலது பக்கத் தொங்கலில் கொஞ்சம் பெட்ரோல் சிக்கி நிற்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, வண்டியை இடது பக்கம் நன்றாகச் சாய்த்து பத்து எண்ணி நிமிர்த்துங்கள். ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைக்கலாம், பங்க் எட்டிவிடும். ஸ்கூட்டரில் இதற்குப் பலன் இல்லை. இன்னொரு வண்டிக்காரர் காலால் தள்ளிக் கொண்டு போவதை நால்வழிச் சாலையில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

அஞ்சுகிராமம்: பெட்ரோல் வாங்கிட்டு வந்து ஊத்தியும் இன்ஜெக்‌ஷன் வண்டி ஸ்டார்ட் ஆகல. பேட்டரியும் இறங்குது.

குழாயில் காற்று நிற்கிறது. குறைந்தது ஒரு லிட்டராவது ஊற்றுங்கள், கால் லிட்டர் பம்ப் வாய்க்கு எட்டாமல் போகலாம். சாவியை 'ஆன்' செய்து, பம்ப் 'ம்ம்' என்று இரண்டு மூன்று நொடி இரைந்து நிற்கும் வரை ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். 'ஆஃப்' செய்து திரும்ப 'ஆன்'. நாலு தடவை இப்படிச் செய்த பிறகு, ஆக்சிலேட்டரை முறுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் அழுத்தாமல், நடுவில் அரை நிமிஷம் விடுங்கள். பம்ப் சத்தமே கேட்கவில்லை என்றால் ஹேண்டிலில் உள்ள சிவப்புக் கில் சுவிட்சை முதலில் பாருங்கள், பிறகு பியூஸ். கார்பரேட்டர் வண்டிக்கு இவ்வளவு வேண்டாம். காக்கைத் திறந்து அரை நிமிஷம் பவுல் நிறைய விட்டு, சோக் இழுத்து உதைத்தால் போதும்.