டானிக்கைக் கூட்டுவதற்கு முன் கண்ணிமையைப் பாருங்கள்

கேள்வி: என் வெள்ளாடுகளில் மூன்று, மேடு ஏறினாலே மூச்சிரைத்துப் படுத்துவிடுகின்றன. சளி இல்லை, கழிச்சல் இல்லை. மாலையில் தாடைக்கடியில் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. கடைக்காரர் கொடுத்த இரும்புச்சத்து டானிக்கைப் பத்து நாளாக ஊற்றுகிறேன். அளவைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். காற்று நுரையீரல் வரைக்கும் போகிறது. அங்கிருந்து சுமந்து செல்லத்தான் ஆள் பற்றவில்லை. சுமப்பவை சிவப்பணுக்கள். அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் ஒவ்வொன்றும் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பிடித்துவந்து, உழைக்கிற தசையில் இறக்கும். நிழலில் நிற்கும் ஆடு குறைந்த சிவப்பணுக்களோடும் சமாளித்துவிடும். மேட்டில்தான் குட்டு வெளிப்படும்.

இரத்தம் எங்கே போகிறது என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? நான்காவது வயிற்றில் ஒட்டி உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவின் மேல்தான் என் சந்தேகம். ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.05 மில்லி குடிக்கும். ஆயிரம் புழுக்கள் என்றால் 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். இரத்தத்தோடு புரதமும் போவதால் தாடையில் நீர் கோக்கிறது. இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது. கெட்டிப் புழுக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். ஈரல் புழுவாலும் தாடை வீங்கும் என்பதால் சாணப் பரிசோதனை அவசியம்.

ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிறவரிடம் இன்னொரு குடம் நீர் விற்பதுதான் டானிக் வியாபாரம். புழு போனபின் இரும்பு உதவும். ஆனால் ஹீமோகுளோபினே ஒரு புரதம். பிண்ணாக்கும் பயறுவகைத் தீவனமும் இல்லாமல் வெறும் இரும்பை வைத்து என்ன செய்வது?

நான் எல்லோரிடமும் சொல்லிச் சலித்தது ஒன்று உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஆட்டின் கீழிமையையும் வெயிலில் விரலால் இறக்கிப் பாருங்கள். உட்புறம் செக்கச்செவேலென்று இருந்தால் விட்டுவிடுங்கள், வெளிறினால் மருந்து. தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இந்த நிறத்தைத்தான் ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. மந்தை முழுவதற்கும் மாதாமாதம் மருந்து ஊற்றச் சொல்கிறவரை நம்பாதீர்கள்: மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். எடையைக் கண்ணால் மதித்துக் குறைவாக ஊற்றினாலும் அதே கதைதான். செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் பல மருந்துகளில் போதாது. தராசில் நிறுத்துவிட்டு, கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள்.

இந்த மூன்றையும் இன்றே காட்டுங்கள். இமை காகிதம்போல் வெளுத்திருந்தால் மேய்ச்சலுக்கு ஓட்டவே வேண்டாம், பிடிக்கத் துரத்தவும் வேண்டாம். அந்த ஓட்டத்திலேயே விழுந்து செத்த ஆடுகளைப் பார்த்திருக்கிறேன். தீவனமும் தண்ணீரும் அவை நிற்கும் இடத்துக்கே போகட்டும்.