கட்டிக்குள் இருக்கும் எதிர்ப்பு அணுக்கள்: டாக்டர் பதில்கள்

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பயாப்ஸி ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் நோயியல் மருத்துவர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சிறுநீரில் ரத்தம் போனதால் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'ஹை கிரேடு, தசை அடுக்கில் பரவியுள்ளது' என்பதற்குக் கீழே, 'கட்டிக்குள் லிம்போசைட்டுகள் நிறையக் காணப்படுகின்றன' என்று இருக்கிறது. லிம்போசைட் என்றால் ரத்த அணுதானே? ரத்தத்திலும் புற்றுநோய் வந்துவிட்டதா? டாக்டரிடம் கேட்டதற்கு, 'அது நல்லதுதான்' என்று மட்டும் சொன்னார்.

இல்லை சகோதரி, அந்த வரிக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஏன் நல்லது, எந்த அளவுக்கு நல்லது என்பதைச் சொல்கிறேன்.

சுரண்டி எடுத்த துணுக்குகளை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். புற்றுநோய் செல்கள் பெரியவை. அவற்றின் கருக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது; 'ஹை கிரேடு' என்பது இதைத்தான் சொல்கிறது. நடுநடுவே கருநீலப் புள்ளிகளாக, உருண்டையாக, கருவைத் தவிர வேறு எதுவுமே இல்லாததுபோல் தெரிபவைதான் லிம்போசைட்டுகள். அவை அப்பாவின் சொந்த எதிர்ப்பு அணுக்கள். உடம்பு அந்தக் கட்டியை அந்நியம் என்று கண்டுகொண்டு ஆள் அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம்.

அவற்றில் முக்கியமானவை சி.டி.8 டி செல்கள். புற்றுநோய் செல்லை ஒட்டி நின்று, அதன் சவ்வில் துளை போட்டு, உள்ளே நொதிகளைச் செலுத்திக் கொல்பவை இவைதான். சாதாரணச் சாயத்தில் இவற்றைத் தனியாக அடையாளம் காண முடியாது. தனிச் சாயம் போட்டால் பழுப்பாகத் தெரியும். 2007-ல் வெளியான ஒரு ஆய்வு 69 நோயாளிகளின் கட்டிகளில் இவற்றை எண்ணிப் பார்த்தது. நோய் தசைவரை போனவர்களில், கட்டிக்குள் சி.டி.8 அணுக்கள் கூடுதலாக இருந்தவர்கள் அதே ஸ்டேஜில் இருந்த மற்றவர்களைவிட அதிக காலம் வாழ்ந்தார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன.

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, அணுக்கள் எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். சில கட்டிகளில் அவை புற்றுநோய் செல்களுக்கு நடுவிலேயே இருக்கும். சிலவற்றில் பூட்டிய வீட்டைச் சுற்றி ஆட்கள் நிற்பதுபோல், கட்டியைச் சூழ்ந்த நார்த் திசுவிலேயே நின்றுவிடும். உள்ளே ஒன்றுகூட இருக்காது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற புரதம் இப்படி வழி மறிக்கிறது என்று 2018-ல் சிறுநீர்ப்பைக் கட்டிகளை வைத்தே காட்டினார்கள். இன்னும் சில கட்டிகளில் உள்ளேயும் வெளியேயும் எதுவும் தென்படாது.

அப்புறம், எல்லா எதிர்ப்பு அணுக்களும் நம் பக்கம் நிற்பவை அல்ல. மேக்ரோபேஜ் என்ற பெரிய அணுக்களில் ஒரு வகை, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவும் டி செல்கள் அடங்கிப்போகவும் துணை போகிறது. அந்த வகை நிறைந்த கட்டிகளில் நோயின் போக்கு பெரும்பாலும் மோசமாகவே இருக்கிறது. சி.டி.8 அணுக்களேகூட மாதக்கணக்கில் போராடிச் சோர்ந்து, இருந்தும் வேலை செய்யாத நிலைக்குப் போவதுண்டு.

இதனால்தான் அந்த ஒரு வரியை வைத்து 'இத்தனை வருடம்' என்று எவரும் சொல்வதில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு எதிர்ப்பு அணுக்களை எண்ணி மதிப்பெண் போட ஒரு முறை வகுத்திருக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்கு அப்படி எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் வழக்கத்தில் இல்லை. சுரண்டி எடுத்த துணுக்குகளின் ஓரங்கள் மின்சாரச் சூட்டில் கருகியும் வரும். ஒரு துணுக்கில் இருப்பது அடுத்ததில் இருக்காது.

உங்கள் ரிப்போர்ட்டில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வரி அதற்கு மேலே இருப்பதுதான்: தசை அடுக்கில் பரவியுள்ளது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு, தசையைத் தொடாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது. அப்பாவுடையது மீதிப் பங்கில் இருக்கிறது. இனி ஸ்கேனில் நிணநீர்க் கணுக்கள் எப்படி இருக்கின்றன, சிஸ்பிளாட்டின் மருந்தைத் தாங்கும் அளவுக்குச் சிறுநீரகங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். தாங்குமென்றால், முதலில் கீமோ, பிறகு சிறுநீர்ப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை என்பது வழக்கமான பாதை. சிலருக்குப் பையை வைத்துக்கொண்டே கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுக்க முடியும். இந்த இரண்டையும் பற்றி உங்கள் டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். லிம்போசைட் வரி நல்ல செய்திதான், அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு விடாதீர்கள்.

கேள்வி: எதிர்ப்பு அணுக்கள் அதிகம் இருந்தால் நல்லது என்றால், எதிர்ப்புச் சக்தி டானிக்குகள் உதவுமா?

உதவாது. ரத்தத்தில் அணு கூடுவதும், அது கட்டியை அடையாளம் கண்டு உள்ளே நுழைவதும் வேறு வேறு விஷயங்கள். எந்த டானிக்கும் இரண்டாவதைச் செய்வதாக நிரூபணம் இல்லை. கீமோ நடக்கும்போது சில பொடிகளும் கஷாயங்களும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைதான் காரணம்.

கேள்வி: என் கணவருக்குத் தசையைத் தொடாத சிறுநீர்ப்பைப் புற்றுநோய். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். அன்று இரவே காய்ச்சல் வந்தது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. மேலே சொன்ன விஷயத்தை மருந்தாக மாற்றினால் எப்படி இருக்குமோ, அதுதான் இந்தச் சிகிச்சை: எதிர்ப்பு அணுக்களை அவை தேவைப்படும் இடத்துக்கே வரவழைப்பது. கனடாவில் ஆல்வரோ மொராலெஸும் அவர் குழுவினரும் 1976-ல் இதன் முதல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்தே வருகிறது.

வலுவிழக்கச் செய்த அந்தக் கிருமி பையின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கிறது. முதலில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன, பின்னால் டி செல்களும் மேக்ரோபேஜ்களும் திரள்கின்றன. பி.சி.ஜி. எடுத்தவர்களின் பயாப்ஸியில் அணுக்கள் வட்டமாகக் கூடிய சிறு முடிச்சுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். வேறு உறுப்பாக இருந்தால் காசநோயோ என்று சந்தேகப்படுவேன். அதனால் அடுத்த பயாப்ஸி எடுத்தால், படிவத்தில் பி.சி.ஜி. கொடுத்ததை எழுதியிருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

எரிச்சல், அடிக்கடி சிறுநீர் போவது, ஒரு நாள் லேசான காய்ச்சல் எல்லாம் சகஜம். காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, நடுக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும், அது ஆபத்து.

கேள்வி: அண்ணனுக்கு நோய் மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது. பி.டி.-எல்1 டெஸ்ட் நெகட்டிவ். அப்படியென்றால் இம்யூனோதெரபி அவருக்குப் பயன்படாதா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். பி.டி.-எல்1 என்பது டி செல்களுக்குப் பிரேக் போடும் புரதம். அந்தப் பிரேக்கை எடுத்துவிடுவதுதான் இங்கே இம்யூனோதெரபி. இந்தப் பிரேக்குகளைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. அந்த டெஸ்டைச் செய்வதற்கே பல முறைகள் உண்டு. சிலவற்றில் புற்றுநோய் செல்களோடு எதிர்ப்பு அணுக்களையும் எண்ணுவோம், ஒரு முறையில் எதிர்ப்பு அணுக்களை மட்டும். நெகட்டிவ் என்று வந்தவர்களிலும் மருந்து வேலை செய்திருக்கிறது.

2023-ல் வெளியான பெரிய ஆய்வில், பரவிய நோய்க்கு எடுத்த எடுப்பிலேயே புற்றுநோய் செல்லைத் தேடிப்போய் நச்சு மருந்தைச் சேர்க்கும் என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டினும், பிரேக்கை எடுக்கும் பெம்ப்ரோலிசுமாப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். பி.டி.-எல்1 முடிவைப் பார்த்து யாரையும் ஒதுக்கவில்லை. ஆயுட்கால இடைநிலை அளவு (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்), கீமோ பெற்றவர்களில் 16.1 மாதம், இந்தக் கூட்டு மருந்து பெற்றவர்களில் 31.5 மாதம். அண்ணனுக்கு இது பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். தொடங்கினால், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், தோலில் கொப்புளம், கைகால் மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிவரை காத்திருக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டும்.