கேள்வி – பதில்: கடிகாரம் மாறும், உடல் மாறுமா?

கேள்வி: சில நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகிறார்களே, அதனால் அன்றாட வாழ்வில் என்ன பாதிப்பு?

பதில்: எரிபொருளைச் சேமிக்கும் நோக்கில், முதல் உலகப் போரின்போது 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி இதை நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது. இன்று ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பழையபடி திருப்பப்படுகிறது. கைப்பேசி தானாகவே மாறிவிடும். உடல் அப்படி மாறாது. காலை வெளிச்சத்தைக் கொண்டே உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் உடற்கடிகாரம் புதிய நேரத்துக்குப் பழகச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், குழந்தைகள் உரிய நேரத்தில் உறங்க மறுப்பதும், திங்கட்கிழமை காலையில் பலர் தூக்கக் கலக்கத்தோடு வாகனம் ஓட்டுவதும் நேர்கின்றன. மார்ச் மாற்றமே கடினமானது. முந்தைய சில நாட்களில் உறங்கும் நேரத்தைத் தினமும் கால் மணி நேரம் முன்னதாக்குவது நல்லது. 2019இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்தக் கடிகார மாற்றத்தைக் கைவிட வாக்களித்தும், உறுப்பு நாடுகளிடையே உடன்பாடு ஏற்படாதது வருந்தத்தக்கது.