கையொப்பம் ஏன் பொருந்தவில்லை? வெப் சர்வீஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பேமென்ட் கேட்வேயிலிருந்து வரும் வெப்ஹுக்கின் (அவர்கள் தாமாக அனுப்பும் அறிவிப்பு) எச்மேக் கையொப்பத்தை (இருவருக்கும் தெரிந்த சீக்ரெட் கொண்டு போடும் முத்திரை) பிஎச்பியில் சரிபார்க்கிறோம். சோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. லைவில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் இருந்தால் மட்டும் பொருந்துவதில்லை. தமிழ் எழுத்தில் சிக்கலா? (ஈரோடு வாசகர்)

பதில்: தமிழ் மேல் பழி போடாதீர்கள். வந்த ஜேசனை (தரவு எழுதும் வடிவம்) டீகோட் செய்து, அதைத் திரும்ப என்கோட் செய்து, அந்த இரண்டாவது பிரதிக்கு ஹாஷ் போடுகிறீர்கள் போலிருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இதுதான் வழக்கமான காரணம்.

கையொப்பம் போட்டது அனுப்பியவர் அனுப்பிய பைட்டுகளுக்கு. அவற்றின் பொருளுக்கு அல்ல. 'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டாக வருகிறது. பிஎச்பியின் ஜேசன் என்கோடர் அதைத் தன் இயல்பிலேயே பின்சாய்கோட்டில் தொடங்கும் 6 எழுத்துக் குறியீடாக எழுதிவிடும். ஆங்கிலப் பெயரில் இந்த மாற்றம் இல்லை, அதனால் சோதனை தப்பித்தது. தமிழை விட்டாலும் வேறு இடங்களில் மாட்டுவீர்கள்: வலை முகவரியிலுள்ள ஒவ்வொரு சாய்கோட்டுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேரும், 500.00 என்ற தொகை 500 ஆகும், காலி ஆப்ஜெக்டை அர்ரேயாக டீகோட் செய்திருந்தால் காலி அர்ரேயாகவே திரும்பும். என்கோடருக்கு ஆப்ஷன் கொடுத்து ஒவ்வோர் ஓட்டையாக அடைத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

பிஎச்பியின் இன்புட் ஸ்ட்ரீமிலிருந்து ரிக்வெஸ்ட் பாடியை அப்படியே ஒரு வேரியபிளில் எடுங்கள். அதற்கு எச்மேக் போட்டு, ஹாஷ்_ஈக்வல்ஸ் ஃபங்ஷனால் ஒப்பிடுங்கள். பொருந்திய பிறகுதான் டீகோட். இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட வேண்டாம்: எண் போலத் தோன்றும் இரண்டு சரங்களை பிஎச்பி எண்ணாகவே ஒப்பிடும். நோட் எக்ஸ்பிரஸ் (ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் கட்டமைப்பு) பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதைதான். ஆப் முழுக்கப் போட்ட ஜேசன் மிடில்வேர் பாடியை முதலிலேயே படித்துப் பிரித்துவிடும். வெப்ஹுக் ரூட்டுக்கு மட்டும் பாடியைப் பிரிக்காமல் அப்படியே தரும் ரா பார்ஸர் வையுங்கள், அதுவும் ஜேசன் மிடில்வேருக்கு முன்னால்.

அதற்குப் பிறகும் பொருந்தவில்லையா? வந்த கையொப்பத்தின் நீளத்தை எண்ணுங்கள். ஷா-256 எச்மேக் 32 பைட்: பைட்டுகளை எழுத்தாக்கும் முறை ஹெக்ஸ் என்றால் 64 எழுத்து, பேஸ்64 என்றால் 44. ஒருபுறம் ஹெக்ஸ், மறுபுறம் பேஸ்64 என்று ஒப்பிட்டால் ஜென்மத்துக்கும் பொருந்தாது. அடுத்து சீக்ரெட்டைப் பாருங்கள். கோப்பிலிருந்து படித்தால் கடைசியில் ஒரு புதுவரி ஒட்டிக்கொண்டு வரும். சோதனைச் சூழலின் சீக்ரெட் லைவில் தங்கிவிடுவதும் உண்டு.

கையொப்பம் சரியாக இருந்தாலும் பழைய செய்தியையே ஒருவர் மறுபடி அனுப்ப முடியும். அனுப்பிய நேரமும் கையொப்பத்துக்குள் அடங்கியிருந்தால் 5 நிமிடத்துக்கு மேல் பழையதைத் தள்ளுங்கள். கையொப்பத்துக்கு வெளியே தனி ஹெடரில் வரும் நேரத்தை எவரும் மாற்றலாம், அதை நம்பிப் பயனில்லை. ஈவென்ட் ஐடியைச் சேமித்து, இரண்டாவது முறை வந்தால் ஒதுக்குவது எப்படியும் தேவை.

கேள்வி: எதிர்த்தரப்பின் 2048 பிட் ஆர்எஸ்ஏ பப்ளிக் கீயால் ஜேசனை என்கிரிப்ட் செய்தால் 'டேட்டா பெரிது' என்று பிழை வருகிறது. துண்டு துண்டாக வெட்டி அனுப்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். 2048 பிட் கீயில் ஒரு தடவைக்கு 256 பைட்தான் இடம். அதிலும் பேடிங் (நிரப்பு பைட்டுகள்) போக, பழைய பிகேசிஎஸ்1 முறையில் 245 பைட், ஷா-256 கொண்ட ஓஏஇபி முறையில் 190 பைட்தான் மிஞ்சும். ஆர்எஸ்ஏ வேலை கீயை மூடுவது. ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாக 32 பைட் ரேண்டம் கீ உருவாக்கி, அதைக்கொண்டு ஏஇஎஸ்-256 ஜிசிஎம் முறையில் (மூடவும் திறக்கவும் ஒரே கீ) ஜேசனை என்கிரிப்ட் செய்யுங்கள். அந்த 32 பைட்டை மட்டும் ஆர்எஸ்ஏயால் மூடி உடன் அனுப்புங்கள். ஆதார் அங்கீகார ஏபிஐயின் அமைப்பும் இதே அடிப்படைதான்.

தகராறு பெரும்பாலும் தரவு மாறவில்லை என்று உறுதிசெய்யும் டேக் எனப்படும் கடைசி 16 பைட்டில் வரும். ஜாவா அதை என்கிரிப்ட் ஆன தரவின் வாலிலேயே ஒட்டிக் கொடுக்கும். பிஎச்பியும் நோடும் தனியாகக் கொடுக்கும். அவர்கள் ஜாவா, நீங்கள் பிஎச்பி என்றால் நீங்களே ஒட்டி அனுப்ப வேண்டும். பிஎச்பியின் ஓபன்எஸ்எஸ்எல் என்கிரிப்ட், ரா டேட்டா ஆப்ஷன் தராவிட்டால் பேஸ்64 ஆகவே திருப்பித் தரும். அதன் மேல் நீங்கள் இன்னொரு பேஸ்64 போட்டால் அந்தப் பக்கம் திறக்காது. ஜாவாவில் வெறும் 'ஏஇஎஸ்' என்று கேட்டால் வழக்கமாகப் பாதுகாப்பற்ற இசிபி முறைதான் கிடைக்கும், முறையையும் பேடிங்கையும் முழுப் பெயரோடு எழுதுங்கள். 12 பைட் நான்ஸ் (ஒவ்வொரு என்கிரிப்ஷனுக்கும் தரும் புது எண்), ஒரே கீயில் இரண்டாம் முறை வரவே கூடாது.

கேள்வி: பழைய சோப் (எக்ஸ்எம்எல்லில் பேசும்) சர்வீஸ் ஒன்றைப் பராமரிக்கிறேன். முதலில் கையொப்பமா, என்கிரிப்ஷனா? (கொழும்பு வாசகர்)

பதில்: முதலில் கையொப்பம், பிறகு பாடியோடு சேர்த்துக் கையொப்பத்தையும் என்கிரிப்ட் செய்யுங்கள். கையொப்பத்தைத் திறந்து வைத்தால் அதிலுள்ள டைஜஸ்டைக் (பாடியின் ஹாஷ்) கொண்டு சிறிய மதிப்புகளை (ஆம்/இல்லை, தொகை போன்றவை) ஊகித்துச் சரிபார்த்துவிட முடியும். பாடியோடு டைம்ஸ்டாம்புக்கும் கையொப்பம் வேண்டும்.

எதிர்த்தரப்பு சிபிசி என்ற பழைய என்கிரிப்ஷன் முறையையே கேட்டால் ஜிசிஎம்முக்கு மாறச் சொல்லி வற்புறுத்துங்கள். எக்ஸ்எம்எல் என்கிரிப்ஷனில் சிபிசியை உடைக்கும் வழியை ஆய்வாளர்கள் யாகரும் சோமோரோவ்ஸ்கியும் 2011-லேயே காட்டிவிட்டார்கள். சர்வர் திருப்பும் பிழைச் செய்திகளின் வித்தியாசமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

2005-லிருந்து தெரிந்த இன்னொரு தாக்குதல், கையொப்பமிட்ட பாடியை ஹெடருக்குள் ஒளித்துவிட்டு அதன் இடத்தில் போலி பாடியை வைப்பது. ஐடியை வைத்துத் தேடும் சரிபார்ப்பு, ஒளித்த பாடியைப் பார்த்து 'சரி' என்று சொல்லும். உங்கள் நிரலோ போலியை எடுத்து வேலை செய்யும். சரிபார்த்த அதே எக்ஸ்எம்எல் பகுதியைத்தான் பிசினஸ் லாஜிக் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். நடுவிலிருக்கும் கேட்வே எக்ஸ்எம்எல்லை அழகாக இடம்விட்டு அடுக்கித் தந்தாலும் கையொப்பம் போய்விடும். எக்ஸ்எம்எல் டேகுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை, கையொப்பத்துக்கு முன் ஆவணத்தை ஒரே வடிவாக்கும் கேனானிகலைசேஷன் நீக்குவதில்லை.

கேள்வி: ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் க்யூஆரை ஸ்கேன் செய்து டீகோட் செய்தால் விவரம் அப்படியே தெரிகிறதே, ஓட்டையா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இல்லை. அது கையொப்பமிட்ட ஜேடபிள்யூடி (மூன்று பகுதி டோக்கன்), என்கிரிப்ட் செய்ததல்ல. நடுப்பகுதி வெறும் பேஸ்64யூஆர்எல், யாரும் படிக்கலாம். மாற்றினால்தான் மாட்டிக்கொள்வார்கள். சரிபார்க்கும் நிரலில் ஆர்எஸ்256 (ஆர்எஸ்ஏ கையொப்ப அல்காரிதம்) என்று நீங்களே நிலையாக எழுதிவிடுங்கள். டோக்கனின் ஹெடர் சொல்லும் அல்காரிதத்தை நம்பினால், 'none' (கையொப்பமே இல்லை) என்று எழுதி அனுப்பும் போலி டோக்கனும் சில நூலகங்களில் தேறிவிடும்.