ஒரு ராக் ஆல்பம் மனித மனத்தைப் பற்றி யோசிக்க வைக்குமா?

கண்டிப்பாக வைக்கும். பிங்க் ஃபிலாய்ட் குழு 1973-ல் வெளியிட்ட 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை குலைந்து 1968-ல் விலக வேண்டியதாயிற்று, கூடவே வாசித்த நண்பன் கண்ணெதிரே அப்படி மாறிப்போனதைப் பார்த்த சக உறுப்பினர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியதாலோ என்னவோ, 'பிரெய்ன் டேமேஜ்' பாட்டில் பைத்தியம் என்பது வேறு யாருக்கோ வருவதாக இல்லாமல் நமக்குள்ளேயே இருப்பதாக ஒலிக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்தது நடுநடுவே வரும் பேச்சுக் குரல்கள். வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம், வாயில்காப்பாளரையும் சேர்த்துத்தான், காட்டிப் பதில்களைப் பதிவு செய்தார். கடைசியாக எப்போது வன்முறையில் இறங்கினீர்கள்? அப்புறம் இன்னொரு அட்டை: உங்கள் பக்கம் நியாயம் இருந்ததா? ஆமாம், என்மேல் தப்பே இல்லை என்று மனம் எவ்வளவு சீக்கிரம் முந்திக்கொள்கிறது என்பதை அந்தக் குரல்களில் கேட்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கும்போது நம்மையும் அறியாமல் அதே கேள்விக்கு நாமும் பதில் தேட ஆரம்பித்துவிடுவோம்.

காலம், பணம், சாவு பற்றிய பாட்டுகளும் உண்டு. இதயத் துடிப்பில் தொடங்கி அதிலேயே முடியும் ஆல்பம் இது, அதனால் பாட்டுகளை மாற்றி மாற்றிப் போடாமல் வரிசையாகக் கேளுங்கள்.